மீதி இருபத்தைந்து நிமிடம்

படத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொல்லிவிட்டால் எட்டயபுரம் தாண்டுவதற்குள் செல்போனில் தேடி முடிவைப் படித்துவிடுவீர்கள். இப்போதெல்லாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். சஸ்பென்ஸ் படத்தில் முடிவு தெரிந்த பிறகு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

நீங்கள் மதுரையில் இறங்குகிறீர்கள். நான் அங்கே வண்டி மாறித் திண்டுக்கல் போக வேண்டும். மதுரைக்கே மூன்று மணி நேரம் ஆகும். காதில் வயரை மாட்டிக்கொள்வதென்றால் மாட்டிக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். வேண்டாமா? சரி.

பிரிட்டிஷ் படம். கறுப்பு வெள்ளை. நான் பிறப்பதற்கு இருபத்தைந்து வருடம் முன்னால் எடுத்தது. அங்கே போன முதல் குளிர்காலத்தில், லீட்ஸ் நகரத்தில் ஒற்றை அறையில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் பார்த்தேன். அங்கே ஞாயிறு மதியம் பழைய படம் போடுவார்கள். வெளியே மழை. படம் முடிந்ததும் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. அடுத்த அறைக்காரன் கதவைத் தட்டினேன். அவன் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த நாட்டில் இருந்தேன், அந்தப் படத்தைப் பதினாறு தடவை பார்த்திருப்பேன், யாரிடமும் பேசியதில்லை. என் மனைவிக்குப் பழைய படம் பிடிக்காது. அவளும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் இங்கே இருக்கிறேன். சண்டை ஒன்றும் இல்லை. அவரவருக்கு ஒத்துவருகிற ஊரில் அவரவர்.

தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து ஒரு வருடம் சும்மா இருந்தேன். அப்புறம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஹாலில் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குப் படம் போட ஆரம்பித்தேன். புரொஜெக்டர் என்னுடையது. திரை கிடையாது, வெள்ளைச் சுவர்தான். சங்கச் செயலாளர் பிச்சையா அண்ணாச்சி, உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “சார், படம் முடிஞ்சதும் வடையும் டீயும் உண்டுன்னு சொல்லிருவோம். அப்பத்தான் ஆளு வரும்.” வந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள்.

பொங்கல் முடிந்து ஆரம்பித்து, மார்ச் மாதம்தான் இந்தப் படத்தைப் போட்டேன். ஏன் தாமதம் என்றால், பேசுவதையெல்லாம் படத்துக்கு அடியில் தமிழில் எழுத்தாகப் போட வேண்டுமே. நானே செய்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது வரி. இரண்டு மாதம். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரி ஒருத்தி, வீட்டில் தங்க வந்தவனிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டே பயப்படுகிறாள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? ‘நீங்கள்’ என்று போட்டால் பயம் போய்விடுகிறது. ‘நீர்’ என்று போட்டால் பாதிரியார் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு வரிக்கு ஒரு ராத்திரி போயிருக்கிறது.

கதை இதுதான். கடற்கரை ஊர். சீசன் இல்லாத காலம். ஹெலன் என்று ஒரு விதவை, தங்கும் விடுதி நடத்துகிறாள். தங்கியிருப்பது ஒரே ஆள், ஒல்லியாக, குடையும் கையுமாக. தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் அடிக்கும். எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். மாடிப்படியில் விரிப்பின் ஆணி கழன்றிருக்கும். மூடிய கேஸ் குழாய் திறந்திருக்கும். யார் செய்கிறார்கள்? அந்த ஆள்தானா? அறுபதாவது நிமிடத்தில் ஹெலனுடைய அக்கா மார்த்தா வருகிறாள். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா. கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அறுபத்தேழாவது நிமிடத்தில் போலீஸ் வந்து ஒல்லி ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறது.

அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. அதைச் சொல்லக் கூடாது. சொல்லாமல் என் கதையைச் சொல்லவும் முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். அக்காதான் செய்தது. போன் செய்ததும் அவள்தான். வந்த பிறகு ராத்திரிதோறும் தங்கைக்குப் பாசமாகப் பால் காய்ச்சிக் கொடுக்கிறாள், அந்தப் பாலில்தான் விஷம். மொத்தப் படமும் அந்த ஒரு திருப்பத்துக்காகக் கட்டியது. அறுபத்தேழு நிமிடம் வெறும் வாசல். வீடு அதற்கு அப்புறம்தான்.

எங்கள் ஆட்கள் பார்த்த விதத்தைக் கேளுங்கள். போன் அடிக்கிறது, ஹெலன் எடுக்கத் தயங்குகிறாள், பின்னால் இருந்து ஒருவர், “ஆறு மணிக்குப் போன் வரும்னு தெரியுதுல்லா, ஆறு மணிக்குக் கடைக்குப் போயிர வேண்டியதுதானே?” என்கிறார். இன்னொரு அம்மாள், “அக்கம்பக்கத்துல ஒரு ஆளு இல்லையாக்கும்? ரெண்டு நாளு ராத்திரி வந்து படுத்துக்கிட மாட்டாவளா?” என்கிறாள். ஒருவர்கூடப் பயப்படவில்லை. எல்லோருக்கும் ஒரே கவலை, அவளுக்குத் துணைக்கு ஆள் இல்லையே என்று.

ஜெசிந்தா மேடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? அவர்களைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் தெருவில் கடைசி வீடு. தபால் ஆபீசில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர்கள். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்கள். அம்மா இறந்த பிறகு தனியாக இருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் படம் முடிந்ததும் என்னோடு நாற்காலி அடுக்குவார்கள். அடுக்கிக்கொண்டே படத்தைப் பற்றிக் கேட்பார்கள். நாற்பது நிமிடம் பேசுவோம். சில நாள் ஐம்பது. இந்த ஊரில் படத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரே ஆள். அவர்களே அந்தப் போன் காட்சியில், “பாவம் சார், பேசத் தெரியாதவனா இருக்கும். ஒரு குரலக் கேட்டாப் போதும்னு போன் போடுதான்” என்கிறார்கள்!

அப்படி இல்லை மேடம், பேசாமல் இருப்பது பயமுறுத்துகிற உத்தி என்று விளக்கினேன். பேசாமல் போன் வைக்கிறவன் எல்லாம் பாவமா? நான்கூட ஞாயிறு தோறும் மகளுக்குப் போன் செய்கிறேன். அவள் எடுப்பதில்லை, வேலை இருக்கும். செய்தி விடச் சொல்லி அவள் குரல் பதிவில் வரும். கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அது வேறு. சினிமாவில் ஒரு டைரக்டர் செய்வது வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அறுபத்தேழாவது நிமிடம். போலீஸ் வந்தது. அவ்வளவுதான்! தடதடவென்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நம் ஊரில் அது எழுதாத சட்டம் இல்லையா? பிரிந்த குடும்பம் சேர்ந்தது, போலீஸ் வந்தது, கைவிலங்கு மாட்டியாயிற்று, இனி என்ன? பெண்கள் செருப்புத் தேடுகிறார்கள். பிள்ளையை ஒருத்தி இடுப்பில் தூக்குகிறாள். வாட்ச்மேன் டியூப்லைட்டைப் போட்டுவிட்டார்.

“படம் முடியலை! உட்காருங்க! இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு!” என்று கத்தினேன்.

“அதாம்லா போலீஸு வந்துட்டான்” என்றார் பிச்சையா அண்ணாச்சி.

“அண்ணாச்சி, இனிமேதான் கதையே!”

“இங்கிலீஷ்காரன் பேரு போடவே அரை மணி நேரம் எடுப்பாம்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க மெதுவாப் பாத்துட்டு வாங்க சார். வடை ஆறிரும்.”

போய்விட்டார்கள். ஹாலில் முப்பத்திரண்டு காலி நாற்காலி. டியூப்லைட் வெளிச்சத்தில் சுவரில் படம் சாம்பலாகத் தெரிகிறது. மார்த்தா பால் டம்ளரோடு மாடிப்படி ஏறுகிறாள். கீழே என் தமிழ் ஓடுகிறது. வெளியே வடைக்கு வரிசை. இருநூற்றுப் பன்னிரண்டு வரி ஐயா, கடைசி இருபத்தைந்து நிமிடத்தில் மட்டும். நான் ஒருவன் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். பதினேழாவது தடவை.

ஜெசிந்தா மேடம் நாற்காலி அடுக்க வரவில்லை. வாசலில் நின்று, கண்ணெல்லாம் சிவந்து, “நல்ல படம் சார். கடைசியில அக்கா வந்துட்டாள்லா” என்றார்கள்.

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். முடிவை வாயால் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று இப்போது நீங்கள் நினைக்கலாம். கொள்கை என்றால் கொள்கைதானே?

அவர்களுக்கு ஒரு அக்கா இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. மெர்சி. கல்யாணமாகி நாக்பூரில் இருந்தார். அம்மா இறந்தபோது ரயிலில் வந்துகொண்டிருந்தார். ரயில் தாமதம். மே மாதம். உடல் தாங்காது என்று எல்லோரும் சொல்ல, ஜெசிந்தா மேடம் பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்கள். மெர்சி வந்தபோது கல்லறையில் மண் ஈரமாக இருந்தது. ‘அம்மா முகத்தப் பாக்க விடாமப் பெட்டிய மூடிட்டாளே’ என்று அங்கேயே கத்திவிட்டுத் திரும்பிப் போனவர்தான். பதினோரு வருடம் பேச்சு இல்லை. படம் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே ஜெசிந்தா மேடம் கடிதம் எழுதியிருக்கிறார்கள். தபால் ஆபீஸ்காரர்கள் அல்லவா, போன் செய்யவில்லை. ‘வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன், வா’ என்று ஒரே வரி.

பத்தாவது நாள் மெர்சி ஆட்டோவில் வந்து இறங்கினார். கணவர் இல்லை இப்போது. திண்டுக்கல்லில் மகன் வீட்டில் இருந்திருக்கிறார், நாக்பூருக்குப் போன கடிதம் சுற்றித்தான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின். தையல் மெஷினோடு வருகிறவள் திரும்பிப் போக வருகிறவள் இல்லை என்று தெருவே பேசியது. எனக்கு மீன் குழம்பு வந்தது. “சார் போட்ட படத்தாலல்லா ஒரு குடும்பம் சேந்துருக்கு” என்று பிச்சையா அண்ணாச்சி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். யோசித்துப் பாருங்கள், எந்தப் படத்துக்கு எதற்காகப் பொன்னாடை! எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த ஞாயிறு மேடமும் மெர்சியும் சேர்ந்து வந்தார்கள், படம் முடிந்ததும் சேர்ந்து போய்விட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அப்புறம் வரவேயில்லை. ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நாற்காலிகளை நான் ஒருவனே அடுக்கினேன். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிதானே.

மீதி இருபத்தைந்து நிமிடத்தைத் தனியாகப் போடுவதாக நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். ‘பாத்த படத்த எதுக்கு சார் திருப்பி?’ என்றார்கள். வாட்ச்மேன் மட்டும் வந்தார். அவரும் தூங்கிவிட்டார்.

அதனால்தான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. நன்றாகக் கவனியுங்கள், எனக்கு வேறு நோக்கம் எதுவும் இல்லை. அரைகுறையாகப் பார்த்த படம் மனத்தில் தப்பாக உட்கார்ந்துவிடும். படம் பார்க்கத் தெரிந்தவர் அவர்கள். அவர்களுக்கு அது தெரிய வேண்டாமா?

மெர்சிதான் கதவைத் திறந்தார். “நீங்கதான் படக்கார சாரா? வாங்க வாங்க. ஒங்க புண்ணியத்துலதான் நான் இங்க இருக்கேன்” என்றார். உள்ளே துணி தைத்துக்கொண்டிருந்திருக்கிறார், தரையெல்லாம் வெட்டுத்துணி. ஜெசிந்தா மேடம் அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

மெர்சிக்கு முன்கதையைச் சொல்லிவிட்டு, மீதி இருபத்தைந்து நிமிடத்தை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். ஆரம்பத்தில் கேலி. “ஏட்டி, இவ ஒன்னய மாதிரியே மூக்கச் சுளிக்கா பாரு” என்று மெர்சி ஹெலனைக் காட்டினார். “நீ மட்டும் என்ன, மார்த்தாதான். அதே குண்டு.” பால் டம்ளர் வந்தது. கேலி குறைந்தது. மார்த்தா பாலைக் கலக்குகிற சத்தம் மட்டும் கேட்கும் அந்த இடம், அடடா, பின்னணி இசையே கிடையாது, கரண்டிச் சத்தம் மட்டும். நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடமாக இந்தத் திருப்பத்தை இன்னொருவர் முகத்தில் பார்க்கக் காத்திருந்தேன்!

மார்த்தா படியில் இருந்து விழுந்து சாகிறாள். ஹெலன் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துகிறாள். முடிந்தது.

மெர்சி எழுந்து அடுப்படிக்குப் போனார். மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தார். எனக்குக் கொடுத்தார். ஜெசிந்தா மேடத்திடம் நீட்டினார்.

மேடத்தின் கை டம்ளர் வரைக்கும் வந்து நின்றது.

ஒரு விநாடி. ஒரு விநாடிகூட இருக்காது. உடனே வாங்கிவிட்டார்கள். ஆனால் மெர்சி பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன். “குடிட்டி, நான் ஒண்ணும் போடல” என்று சொல்லி மெர்சி சிரித்தார். மேடமும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல டீ. இஞ்சி போட்டது.

பத்து நாளில் மெர்சி கிளம்பிவிட்டார். மருமகள் வரச் சொல்கிறாள் என்றார்கள். இருக்கலாம். உப்புக்காற்று மூட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்கள். அதுவும் இருக்கலாம். தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்ற நான்தான் உதவி செய்தேன். மெர்சி என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, அவ நெனச்சுச் செய்யல, எனக்குத் தெரியும். கை தானா நின்னுட்டு. நெனச்சுச் செஞ்சிருந்தா நாலு ஏச்சு ஏசிட்டுப் போயிருவேன். தானா நின்ன கைய என்ன செய்ய?”

ஒரு படத்தை இவ்வளவு சொந்தமாக எடுத்துக்கொள்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா மேடம் வீட்டுக்குப் போனேன். கதவு பாதிதான் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல படம் இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டேன். அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்டார்கள்.

“சார், அந்த ஹெலன் கடைசியில என்ன ஆனா?”

“தப்பிச்சிட்டா மேடம். பார்த்தீங்களே, ஜன்னலெல்லாம் சாத்துறா.”

“தப்பிச்சு?”

“தப்பிச்சு... அதோட படம் முடிஞ்சிருது.”

அப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள். சத்தமே வராமல், மெதுவாக. அது ஆயிற்று ஒன்றரை மாதம். நான்கு தடவை போய்விட்டேன். உள்ளே ரேடியோ பாடும். கதவு திறக்காது. ஹாலில் படம் போடுவதையும் நிறுத்திவிட்டேன். முப்பது பேர் வருகிறார்கள்தான், வடை தின்கிறார்கள்தான். போட்டு என்ன?

அதனால்தான் திண்டுக்கல் போகிறேன். மெர்சியிடம் நான் வருவதைச் சொல்லவில்லை. மாதா கோயிலுக்குப் பின்னால், மகன் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான் என்று மட்டும் தெரியும். கண்டுபிடித்துவிடலாம். இந்தப் பையில் லேப்டாப் இருக்கிறது. இன்னொரு படம் தேடிப் பிடித்திருக்கிறேன், மூன்று வாரம் ஆயிற்று. அதில் அக்கா நல்லவள். முதலில் இருந்து கடைசிவரை நல்லவள். இரண்டு தடவை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். படம் ரொம்பச் சுமார்தான். ஒரு திருப்பம் கிடையாது. இருந்தாலும் முழுக்கத் தமிழ் எழுத்துப் போட்டிருக்கிறேன்.

மன்னிப்பா? மெர்சியிடமா? எதற்கு? நான் படத்தை எடுக்கவில்லையே, போட்டுத்தானே காட்டினேன்? இல்லை, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் மெர்சி திரும்பி வந்துவிட்டால் அந்த வீட்டுக் கதவு திறக்கும் பாருங்கள். அவர்கள் கடற்கரைக்குப் போனால் போகட்டும். எப்போதாவது ஒரு ஞாயிறு, இரண்டு பேரும் சேர்ந்து வந்தாலும் போதும். நாற்காலியை நானே அடுக்கிக்கொள்வேன். அவர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தால் சரி.

மெர்சி வீட்டு வாசலில் நின்று முதலில் என்ன சொல்வேன் என்றா கேட்கிறீர்கள்? நானும் பஸ் ஏறியதில் இருந்து அதைத்தான் யோசிக்கிறேன். ‘நல்லா இருக்கீங்களா’ என்பேன். அப்புறம் பையில் இருந்து இதை எடுப்பேன். படத்தைப் பற்றிப் பேசுவேன். வேறு எதைப் பற்றிப் பேச எனக்குத் தெரியும், சொல்லுங்கள்?